வண்டி நிக்கும்

எந்தப் பேருந்து நிலையத்தில் நின்றாலும் என் காது அந்தக் குரலைத் தேடும். நான் வண்டி மாறும் ஓர் ஊரின் நிலையத்தில், ஒலிபெருக்கி அறையில் அறிவிப்பு செய்த பெண்ணை ஓட்டுநர்கள் மைக்கக்கா என்பார்கள். அவர் "புறப்படுகிறது" என்று அறிவித்தால்தான் வண்டியை எடுக்கலாம். அங்கே அது விதி. அறிவிக்கும் முன் சன்னல் கண்ணாடியைத் தள்ளி, நடைமேடையைக் கோடி வரை பார்ப்பார். இடுப்பில் குழந்தை, கையில் தடி என்று யாராவது தெரிந்தால், "மெதுவா ஏறுங்க, வண்டி நிக்கும்" என்பார். யாருக்காக என்று சொல்ல மாட்டார். அதனால் யாரும் யாரையும் திரும்பி முறைத்ததில்லை.

பக்கவாதம் வந்த அப்பாவைச் சிகிச்சைக்கு அந்த ஊர் வழியாகத்தான் அழைத்துப் போவேன். "நம்மளையும் மனுஷனா மதிக்குதுடா அந்தப் பொண்ணு" என்பார்.

புதிதாக ஓர் அதிகாரி வந்தார். நேரம் வீணாகிறதாம். எழுதிக் கொடுத்த வாக்கியத்துக்கு மேல் ஒரு சொல் பேசினாலும் பணிமனைக்குப் பேருந்து கழுவ அனுப்பிவிடுவேன் என்றாராம், ஓட்டுநர்கள் சொன்னார்கள். காரில் வந்து இறங்குகிறவருக்குப் பேருந்துப் படியின் உயரம் எங்கே தெரியப்போகிறது?

அடுத்த முறை நாங்கள் போனபோது அதிகாரி மைக்கக்காவின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். எங்கள் வண்டி உறுமிக்கொண்டிருந்தது; அப்பா பாதி தூரம்கூட வரவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது. பேச்சு வரவில்லை. அதிகாரி கையை வீசிக் கத்துவது கண்ணாடி வழியே தெரிந்தது. மைக்கக்கா மைக்கைப் பிடித்தபடி அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். "அக்கா சொல்லாம எடுத்தா எனக்கு மெமோ வரும். நீங்க நிதானமா வாங்கய்யா."

அப்பா உட்கார்ந்த பிறகுதான் எழுதிக் கொடுத்த வாக்கியம், ஒரு சொல் கூடாமல் குறையாமல், ஒலித்தது.

"சாமியாப் பார்த்து வண்டிய நிறுத்திச்சுடா" என்றார் அப்பா.

"சாமிக்கு யாரும் மெமோ குடுக்க முடியாதுப்பா. அந்தம்மாவுக்குக் குடுப்பாங்க."

கொடுத்தார்கள். பிறகு நான் மட்டும் போனபோது, பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டிருந்தது. அது யாரையும் பார்க்கவில்லை. தடியூன்றிய ஒருவர் வரும்போதே வண்டி நகர்ந்துவிட்டது.

பணிமனைக்குத் தேடிப் போனேன். ரப்பர் குழாயும் கையுமாக நின்றவர் முதலில் கேட்டது, "அப்பா படி ஏறுறாரா?"

ஏறுகிறார் என்றேன். இது அநியாயம், மேலிடத்தில் பேசுகிறேன் என்று கொதித்தேன். "பேசுங்க, ஊருக்குப் போனதும் மறந்துடாதீங்க" என்று சிரித்தார். கழுவிக்கொண்டிருந்த வண்டியின் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மைக்கக்கா திரும்பவே இல்லை.

"எதுக்குப்பா அவசரம்? இங்கயும் நான் சொன்னாத்தான் வண்டி நகரும்."