மிதிக்கத் தகுந்த செடி

தோட்ட வேலையில் மரம் வைப்பது சுலபம். காலுக்குக் கீழே படரும் செடியைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆளைக் கொல்லும். தொட்டிச் செடிக்காக வீட்டில் திட்டு வாங்கும் அன்பர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி, அதனால் சொல்கிறேன்.

சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே, குடியிருப்பவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் தோட்டம். நடுப்பாதை மழை பெய்தால் சேறு. அதைச் செடி போட்டு மூடும் வேலை எனக்கு வந்தது. அங்கே மருதாணி வளர்க்கும் சல்மா அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி, கையில் வாக்கர். நாலாவது மாடி ஜன்னலிலிருந்து தன் செடியையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் நிமிர்ந்தால் கையாட்டுவார். அவர் மகள் நிலோஃபர் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "பாதை சரியானாத்தான் உம்மாவைக் கீழ விடுவேன், அங்கிள்."

சட்டிக்குப் போனது

முதலில் வல்லாரை போட்டேன். தரையோடு படரும், ஈரம் பிடிக்கும், லேசான மிதி தாங்கும். நன்றாகத்தான் படர்ந்தது. பிறகு துவையலுக்கென்று ஒருவர், பரீட்சை எழுதும் பிள்ளைக்கென்று ஒருவர் பறித்தார்கள். மலாய்க்காரர்களுக்கு அது பெகாகா, மிளகாய்ச் சம்பாலோடு பச்சையாகவே சாப்பிடுவார்கள். பாதை வழுக்கையானது.

தோட்டக் கமிட்டித் தலைவர் முருகையனிடம் புகார் சொல்லப் போனேன். அவர் கையிலும் ஒரு பை, பை நிறைய வல்லாரை. "நல்லா வருது தம்பி, இன்னும் கொஞ்சம் அகலமா போடுங்களேன்!"

செருப்பைக் கழற்ற வைத்தது

அடுத்து அருகம்புல். எவ்வளவு மிதித்தாலும் எழுந்து நிற்கும். அது பிள்ளையாருக்கு உரியது என்று எனக்குத் தெரியாதா? லிட்டில் இந்தியாவில் நானே மாலை வாங்கிச் சாத்துகிறவன்தான். வேலை என்று வந்தபோது புல் புல்தானே என்று நினைத்துவிட்டேன்.

முருகையனின் மனைவி அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒதுங்கினார்கள். கொஞ்ச நாளில் புல் நடுவில் செழிப்பாக நிற்க, இரண்டு பக்கமும் புதிதாகச் சேற்றுப் பாதைகள். அடுத்த பாத்திக்காரர் மிஸ்டர் லிம் வெகுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஒய் எவ்ரிபடி வாக் சைட்? யூ ஸ்ப்ரே பாய்சன் ஆ?"

பூத்தது

பிறகு காட்டு வேர்க்கடலை. சாலையோரங்களில் சின்ன மஞ்சள் பூவோடு பார்த்திருப்பீர்கள். பூத்ததும் பாதையில் ஒரே போட்டோ கூட்டம். எனக்கும் பெருமையாக இருந்தது.

நிலோஃபர் காலி வாக்கரை உருட்டிக்கொண்டு வந்து சோதித்தாள். கொடி இரண்டு சக்கரத்திலும் சுற்றிக்கொண்டது. அன்றைக்கு ஜன்னல் பக்கம் நிமிர எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கொடியைப் பிரித்தெடுத்துக்கொண்டே சொன்னாள்: "அழகாத்தான் இருக்கு அங்கிள். உம்மா மேலயே இருக்கட்டும்."

கார் பார்க் புல்

கடைசியில் மாட்டுப்புல்லுக்கு வந்தேன். அகல இலை, தரையோடு தரையாகக் கெட்டியாகப் பிடிக்கும். இந்த ஊரில் மாடு எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். "இது கார் பார்க் ஓரத்துலயே கிடக்கே லா," என்று முருகையன் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும் என்று பரப்பிவிட்டேன். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, நேராக மிதித்துக்கொண்டு போனார்கள்.

நிலோஃபர் மறுபடியும் வாக்கரை உருட்டிப் பார்த்தாள். மழை விட்ட ஒரு காலையில் அக்கா கீழே வந்தார். மெல்ல நடந்து, மருதாணி வரை போய், ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா காலடியைக் குனிந்து பார்த்தார். "இதை மிதிக்க மனசு கூசல தம்பி. முதல்லயே இதைப் போட்டிருக்கலாம்ல?"

பாதைக்குச் செடி கேட்டு வருகிறவர்களிடம் இப்போது நான் சொல்வதெல்லாம், தின்னத் தோன்றாத, கும்பிடத் தோன்றாத, போட்டோ எடுக்க யாரும் குனியாத செடியாகப் பாருங்கள், ஊரே அதன்மேல் நிம்மதியாக நடக்கும் என்பதுதான்.