திருப்பிக் கொடுக்கப் போன பணம்

மாதாவின் பிள்ளைகளுக்கு, தூத்துக்குடி அந்தோணியம்மாள் சொல்லிக்கொள்வது.

1942-ஆம் வருஷம் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கப்பல் யுத்தத்தில் மூழ்கிப்போனது. அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை அவருக்கு. தந்தி வந்தது, உடல் வரவில்லை. கல்லறை இல்லாமல் பூசை மட்டும் வைத்தோம். அன்றோடு கடற்கரைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். எனக்கென்று மிஞ்சியது பத்து வயசு மகள் பிலோமினா ஒருத்திதான்.

பிழைப்புக்காக ஒரு கப்பல் ஏஜெண்டு துரையின் பங்களாவில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். ரங்கூனில் குண்டு விழுந்து ஓடி வந்த ஓர் ஆங்கிலோ-இந்திய அம்மாளுக்கு அங்கே பின்கட்டில் அறை கொடுத்திருந்தார்கள். ரங்கூன் டீச்சர் என்று கூப்பிடுவோம். துரையின் பெண்பிள்ளைகளுக்கு அவர் பாலே சொல்லிக்கொடுத்தார். கால் விரல் நுனியில் நின்று ஆடுகிற வெள்ளைக்கார ஆட்டம் அது. என் மகள் வராந்தாவில் நின்று பார்ப்பாள். ஒரு நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஆயா, உன் பொண்ணை உள்ளே அனுப்பு. வெளியே நின்னு அவ செய்றதை இவங்க உள்ளே செய்யலை" என்றார். அப்படித் தொடங்கியது. ஐந்து வருஷம் படித்தாள். துரை வீட்டுப் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. இவளுக்கு அலுக்கவில்லை. விரல் நகம் பெயர்ந்து ரத்தம் கட்டும். உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலிக்கிறதா என்று கேட்டால் சிரிப்பாள்.

1947-இல் துரை குடும்பம் சீமைக்கே திரும்புவதென்று முடிவானது. டீச்சர் லண்டனில் தனக்குத் தெரிந்த ஒரு நாட்டியப் பள்ளிக்கு என் மகளைப் பற்றி எழுதினார். பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டாம், கப்பல் செலவும் குளிருக்கான உடுப்பும் நீங்கள் பார்த்துக்கொண்டால் சேர்த்துக்கொள்ள முயல்கிறோம், முடிவை எழுதுகிறோம் என்று அங்கிருந்து பதில் வந்தது. ஊருக்குத் தெரியவேண்டும் என்று ஈஸ்டர் என்கிற பாஸ்காத் திருநாள் கழிந்து ஒரு பள்ளிக்கூட ஹாலில் பிலோமினாவை ஆட வைத்தார். சிரிக்க வந்தவர்களும் உண்டு. அவள் கையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் கால் நுனியில் சுற்றி நின்றபோது ஹாலில் மூச்சுச் சத்தம் இல்லை. நான் பெற்ற பிள்ளையா இது? எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. சந்தோஷத்தில் இல்லை, பயத்தில். இவளை இனி யாரும் இங்கே பிடித்து வைக்க முடியாது என்று அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று.

பணம் சேர்ந்தது. பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி கொடுத்தார். முத்தையாபுரத்து உப்பளத்துப் பெண்கள் முந்தானையில் முடிந்து வந்து கொடுத்தார்கள். தருவைகுளத்தில் மீன்பிடிக்கிற என் கொழுந்தன் சூசை கொடுத்தான். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடமே வைத்திருக்கச் சொன்னார் டீச்சர். தேவையில் பாதி தாண்டியிருந்தது.

தினமும் சாயங்காலம் நானும் மகளும் மாதா படத்தின் முன்னால் முழங்காலில் நின்று, மீதிப் பணமும் கிடைக்க வேண்டும் என்று செபிப்போம். இங்கேதான் என் பாவத்தைச் சொல்ல வேண்டும். வாய் அப்படிச் சொல்லும்போது என் மனசு வேறு சொல்லிக்கொண்டிருந்தது. "அம்மா, ஒரு ஆளைக் கப்பலுக்குக் கொடுத்தது போதும். இவள் போகவேண்டாம். பணம் சேரவேண்டாம்."

ஜூன் மாதம் தபால்காரர் டீச்சர் பெயருக்கு வந்த ஒரு கடிதத்தை என் கையில் தந்தார். "சீமைத் தபால், அக்கா" என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். யாரும் கை வைக்காத இடம் என்று மாதா படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டேன். பிறகு தினமும் அந்தப் படத்தின் முன்னால்தான் முழங்காலில் நின்றேன். எப்படி நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

வாரம் வாரமாகப் போயிற்று. டீச்சர் தபால்காரரைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோனார். ஜூலை கடைசியில், மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறிய மறுநாள், எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இனி வராது. ஊர்க்காரங்க பணம். திருப்பிக் கொடுத்துடறதுதான் மரியாதை" என்றார். பிலோமினா ஆடுகிற சப்பாத்தின் நாடாக்களைச் சுற்றிக் கட்டி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எனக்கு மனப்பாடம். செபம் கேட்கப்பட்டுவிட்டது, பிள்ளை என்னோடு இருப்பாள் என்று நினைத்தேன். சந்தோஷம் மட்டும் வரவில்லை.

முதலில் அண்ணாச்சி கடைக்குப் போனேன். டின்னைக் கண்டதும் அவர் கல்லாவைத் திறந்தார். "வாம்மா, நானே ஆள் அனுப்பணும்னு நெனச்சேன். கப்பல் கட்டணம் கூடிப்போச்சாம்லா? பத்தாதேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்." நான் வாயைத் திறக்கும் முன்னே நோட்டுகள் டின்னுக்குள் விழுந்தன.

"அண்ணாச்சி, இது திருப்பிக் குடுக்க வந்த பணம். சீமையில இருந்து காயிதம் வரல" என்றேன்.

"இன்னைக்கு வரலைன்னா நாளைக்கு வருது. முருகனுக்கு உண்டியல்ல போட்டத நான் திருப்பியா கேக்கேன்? கொண்டு போ."

வெயிலில் முத்தையாபுரம் போனேன். உப்பளத்தில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். பேச்சி என்கிற பெண் கூடையை இறக்கி வைத்தாள். அவள் பாதம் இரண்டும் உப்பு அரித்து வெடித்துக் கிடந்தன.

"ஏளா, நாங்க நாள் பூரா உப்புல நிக்கோம். ஒம் மக விரல் நுனில நிக்கா. கால் வலின்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கு அவ ஆடயில நான் மூஞ்சியப் பாக்கல, காலத்தான் பாத்தேன். அந்தக் காலு வீணாப் போகக் கூடாது" என்றாள்.

ஒருத்தியும் பணத்தைத் திரும்ப வாங்கவில்லை. அன்று கூலி நாள். ஆளுக்குக் கொஞ்சம் டின்னில் போட்டுவிட்டு மறுபடியும் உப்பு வாரப் போய்விட்டார்கள். நான் வரப்பிலேயே நின்றேன்.

மறுநாள் தருவைகுளம் போனேன். இவனாவது வாங்கிக்கொள்வான், கூடப் பிறந்தவனைக் கடலில் பறிகொடுத்தவன் ஆயிற்றே என்று நினைத்தேன். சூசை கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"மதினி, நீங்க பயப்படுதீயன்னு எனக்குத் தெரியும். அண்ணன் போன கடல்லதான் நான் தெனமும் போறேன். நான் திரும்பி வாரேம்லா? அது மாதிரி அவளும் வருவா" என்றான். வீட்டுக்குள் போய்ப் படகுக்குப் புதுப் பாய் வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து வந்தான். "பழைய பாயத் தச்சுக்கிடலாம்" என்றான்.

திரும்பி வரும் வழியில் ஓர் உடைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். டின் மடியில் கனத்தது. இரண்டு நாள் நடந்து நடந்து திருப்பிக் கொடுத்திருக்கிறேன், குறையவில்லை. ஏறியிருக்கிறது. என் கையாலேயே ஏறியிருக்கிறது. என் தலைமயிர் சிலிர்த்தது. யாரோ பக்கத்தில் நிற்பது போல இருந்தது. நான் வாயால் கேட்டதை மாதா கேட்டாள். மனசால் கேட்டதைக் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள். "அம்மா, தோற்றுப்போனேன்" என்று சத்தமாக அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பார்க்கவே மாதா படத்தின் பின்னால் கையை விட்டுக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். "அம்மைய மன்னிச்சிரு" என்றேன்.

அவள் அதிர்ச்சியடையவில்லை. "எனக்குத் தெரியும்மா" என்றாள். "பூ மாத்தயில பாத்தேன். டீச்சர்ட்ட சொல்லல."

"பாத்துமா எடுக்கல?"

"நான் எடுத்துட்டுப் போனா நீ ஒடஞ்சு போவ. நீயா எடுத்துத் தரணும்னு தெனமும் மாதாட்ட கேட்டேன். அதுக்கப்புறம் மனசுல பணத்தப் பத்தி நான் ஒரு நாளும் கேக்கலம்மா."

பதினைந்து வயசுப் பிள்ளை. ஐந்து வாரம் என் பக்கத்தில் முழங்காலில் நின்றிருக்கிறாள். நான் அவள் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சரிடம் ஓடினோம். அவர் கடிதத்தை வாசித்தார். இடம் இருக்கிறது, ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் தந்தி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இன்னும் சில நாள்தான் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் தந்தி ஆபீசுக்குப் போனார். அதற்குப் பிறகும் வெகுநாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்குத் தகும். நான் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஊரெல்லாம் சுதந்திரக் கொடி கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் லண்டனிலிருந்து பதில் தந்தி வந்தது. வரச்சொல்லியிருந்தார்கள். டீச்சர் டின்னைக் கொட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "போதும் ஆயா" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

செப்டம்பரில் துரை குடும்பத்தோடு கொழும்பு போய், அங்கிருந்து பெரிய கப்பல் ஏறினாள். துறைமுகத்தில், ஸ்டீமருக்கு ஆள் ஏற்றிப்போகிற லாஞ்சுப் படகு வரைக்கும் நான் போனேன். பேச்சியும் இன்னும் சில உப்பளத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். ஸ்டீமர் புள்ளியாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் படிக்கிறாள். கடிதம் எழுதுகிறாள். போன மாசம் மேடையில் முதல் தடவையாகப் பத்துப் பேரோடு ஆடினாளாம். நான் இப்போது பொய்யாகச் செபிப்பதில்லை. ஊரில் யாருக்காவது உதவிப் பணம் சேர்க்கிறார்கள் என்றால் வீடு வீடாக நானும் போகிறேன். கேட்கக் கூச்சமே இல்லை. கொடுக்கிற மனசு எங்கே இருக்கிறது என்று கண்ணால் கண்டவள் நான்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லாத ஒன்று இருக்கும். அழகான வார்த்தை தேட வேண்டாம். மாதாவின் முன்னால் போய், "எனக்கு மனசில்லை அம்மா, பயமாக இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதுவும் செபந்தான். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.