தம்பியின் வெண்கலமும் நான் வாங்கிய நாற்பத்து மூன்று பேப்பரும்

மாசி மாதம் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி இருபது நிமிடம். அரியலூர் பேருந்து நிலையத்தில் எதிரில் நிற்கும் பஸ்ஸின் போர்டு தெரியாத அளவுக்குப் பனி. காதில் மப்ளர் கட்டிக்கொண்டு, பேப்பர் கடையில் நான் நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

தம்பி நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், நினைவு மலருக்கு முதல் கட்டுரை மூத்தவனாகிய நான்தான் எழுத வேண்டும் என்று தம்பியின் துணைவியார் கேட்டுக்கொண்டார். அந்தக் காலையை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் அது சரியாக இருக்காது என்பதால் அதிலிருந்தே தொடங்கினேன். உயிரோடு இருந்தவரை தம்பியை நான் 'டா' போட்டுத்தான் கூப்பிட்டேன். இதில் மரியாதையோடு எழுதுகிறேன். உறவினர்கள் வித்தியாசமாக நினைக்க வேண்டாம்.

தம்பி விக்கிரமங்கலத்தில் பிறந்தார். எனக்கும் அவருக்கும் பதின்மூன்று வயது இடைவெளி. நடுவில் பிறந்த இருவர் தங்கவில்லை. தம்பி ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காலமானார். நான் அப்போது எறையூர் சர்க்கரை ஆலையின் கரும்பு எடைமேடையில் எழுத்தர். வருகிற வண்டிகளை எண்ணுவதும், எடையைக் குறிப்பதும், குறித்ததை மறுபடி சரிபார்ப்பதும் என் வேலை. முப்பத்து நான்கு ஆண்டுகள் அதையே செய்ததால், வேலையை விட்ட பிறகும் எண்ணாமல் இருக்க வரவில்லை. படி ஏறினால் படியை எண்ணுவேன். தம்பி அதற்கு நேர் எதிர். சட்டைப் பையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் தடவிப் பார்த்துத்தான் சொல்வார்.

அப்பா இல்லாத குறை தெரியாமல் அம்மா தம்பியை வளர்த்தார். நான் படிக்க வைத்தேன். தம்பி உடற்கல்வி ஆசிரியர் ஆனார். குரும்பலூர்ப் பக்கம் குடியேறினார். இருபத்தொன்பது ஆண்டுகள் பள்ளி மைதானத்தில் வெயிலில் நின்றார். அவரிடம் படித்தவர்கள் இந்த மலரில் தனியாக எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது கர்லிங் விளையாட்டைப் பற்றி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உறைந்த பனித் தரையில் ஏறக்குறைய இருபது கிலோ எடையுள்ள வட்டக் கல்லைத் தள்ளிவிடுவார்கள். எதிர்முனையில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்திருக்கும். யாருடைய கல் நடுவுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. ஓர் அணிக்கு நான்கு பேர். ஒருவர் கல்லை விட்டதும் இருவர் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டே நீளக் கைப்பிடி வைத்த துடைப்பத்தால் பனியைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும், வளையாமல் போகும். தம்பி தேய்க்கிறவர்.

பனியே விழாத பெரம்பலூரில் இதை எங்கே பழகுவது? பள்ளிக்கூடத்தின் சிமென்ட் தரையில் பழகினார்கள். குரும்பலூரில் டூவீலர் மெக்கானிக்காக இருக்கும் முருகேசன், பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றி, அடியில் மூன்று பேரிங் சக்கரம் வைத்து எட்டுக் கல் செய்தார். வட்டம் வரைந்தது கோலமாவில். கற்களைத் தம்பி ஒரு டெம்போவில் ஏற்றி அரியலூரில் என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"அண்ணே, எட்டும் ஒரே எடையா இருக்கணும். உங்கள விட்டா யாரு இருக்கா?"

"வயசு அம்பதாயிருச்சு, வாளிய உருட்டி வெளையாடுறியா?"

"எடை போட்டுக் குடுத்துட்டுத் திட்டுங்கண்ணே."

மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பதினேழு கிலோ எண்ணூற்றைம்பது, இன்னொன்று இருபது கிலோ நானூறு. இரண்டு நாள் உட்கார்ந்து, கொத்தியும் பூசியும் எட்டையும் பத்தொன்பதரைக்குக் கொண்டுவந்தேன். அந்த விளையாட்டுக்கு நான் செய்த நல்லது அது ஒன்றுதான்.

துடைப்பம் பிடித்துப் பழகுவதை ஊர் சும்மா விடவில்லை. டீக்கடையில் என் காதுபடவே ஒருவர், "சார் தம்பிக்கு வூட்டுல பெருக்குற வேலை பத்தலயாம், ஸ்கூல்லயும் பெருக்குறாராம்" என்றார். தம்பியிடம் சொன்னபோது சிரித்தார். "நல்லா பெருக்குனா மெடலு தராங்கண்ணே, அவரையும் வரச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆண்டு தேசிய ஆண்கள் கர்லிங் போட்டி காஷ்மீரில் நடந்தது. தமிழ்நாட்டு அணியில் தம்பியும் முருகேசனும் இருந்தார்கள். அதுவரை இருவரும் பனித் தரையைக் கண்ணால் பார்த்ததில்லை. போன முதல் நாள் இருவரும் சேர்ந்து பதினோரு முறை விழுந்ததாக முருகேசன் கணக்குச் சொன்னார். அரையிறுதியில் தோற்றார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், கடைசிக் கல்லை இந்த இருவரும் மூச்சு முட்டத் தேய்த்துக் கொண்டுபோய் நடு வட்டத்தில் நிறுத்தினார்கள். வெண்கலம் கிடைத்தது. தம்பிக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று.

திரும்பி வரும் வழியில், மாசி ஆறாம் தேதி மாலை சென்னையிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, நாளைக்குக் காலைல பேப்பர்ல நம்ம போட்டோ வருதாம். ஒண்ணு வாங்கி வச்சிருங்க. மறந்துடாதீங்க."

மறுநாள் பத்து மணிக்குத்தான் என் மகளைப் பெண் பார்க்க ஜெயங்கொண்டத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். நான்காவதாக வந்த வரன். முன் மூன்றும் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயிருந்தன.

பேப்பர் கடைக்காரர் கட்டிலிருந்து ஒன்றை உருவி எனக்குக் கொடுத்தார். ஐந்தாம் பக்கத்தில் கால் பக்க அளவுக்குப் படம். தம்பி குனிந்து, வாயைத் திறந்தபடி, இரண்டு கையாலும் துடைப்பத்தை அழுத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் முருகேசன். இருவர் தலையும் முட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே ஊர்ப் பெயருடன் தம்பியின் பெயர்.

ஜெயங்கொண்டத்துக்காரர்கள் இதே நிலையத்தில்தான் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள், இதே கடையில்தான் பேப்பர் வாங்குவார்கள் என்று எனக்குத் தோன்றியது. பெண்ணின் சித்தப்பா கையில் வெளக்கமாறு. துடைப்பம் மட்டுமே காரணம் என்று எழுதினால் அது பாதிப் பொய். முருகேசனின் அப்பா விக்கிரமங்கலத்தில் எங்கள் வயலில் கூலிக்கு வேலை செய்தவர். அவர் மகனோடு என் தம்பி தலை முட்ட நிற்பதை வருகிறவர்கள் பார்ப்பார்களே என்ற எண்ணமும் எனக்கு வந்தது. முருகேசன் இதைப் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

"எத்தனை பேப்பர் வந்துருக்கு?" என்று கேட்டேன்.

"நாப்பத்து நாலு. இப்பதான் ரயில்ல வந்த ஒருத்தர் ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. உங்க கையில இருக்கறதோட நாப்பத்து மூணு."

"எல்லாத்தையும் குடுங்க."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட, உங்க தம்பியா சார்? அதே மூக்கு! அதான் அள்ளிக்கிட்டுப் போறீங்களா? போங்க, போங்க." விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "முந்நூத்தி ஒண்ணு. மொய் மாதிரியே வந்துருச்சு பாருங்க" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டேன். மொத்தமாகப் போட்டால் புகையும். எண்ணிக்கொண்டே போட்டதால் ஐந்தாம் பக்கம் ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது. வீடு வீடாகப் போடுகிற பேப்பரை என்ன செய்வது என்ற யோசனை, நாற்பத்து மூன்றாவது எரியும்போதுதான் வந்தது.

பத்து மணிக்குச் சம்பந்தி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"காலைல வூட்டுக்கு வந்த பேப்பர்ல பாத்தோம். வெண்கலம் வாங்கியிருக்கறது உங்க தம்பியாமே? சொல்லவே இல்ல! அவசரத்துல அதை வூட்டுலயே வச்சுட்டு வந்துட்டோம். பஸ் ஸ்டாண்டுல கேட்டா ஒண்ணுகூட இல்லங்கறான். உங்க வூட்டுல ஒண்ணு இருந்தாக் குடுங்க, பையன் பாக்கணும்னான்."

"பேப்பர்காரன் இன்னைக்குப் போடலீங்க" என்றேன். அடுப்பில் அப்போதும் சாம்பல் சூடாக இருந்தது. அந்த வரன் அமைந்தது. தம்பியின் விளையாட்டை அதிகம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் என் மருமகன்தான்.

மூன்றாம் நாள் தம்பி மெடலை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் முந்திக்கொண்டேன். "பேப்பரு கெடைக்கலடா. போறதுக்குள்ள தீந்துபோச்சாம்."

தம்பி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்து, "சரிண்ணே, பரவால்ல" என்றார். அதற்குப் பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு தம்பியைத் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பதினோரு நாள் இருந்தார். பகலில் நான் துணைக்கு இருப்பேன். ஒருநாள் கண்ணைத் திறந்து, "என்னண்ணே, குளுக்கோஸ் சொட்ட எண்ணுறீங்களா?" என்றார்.

"ஆமாடா."

"எத்தனை?"

"நிமிஷத்துக்கு இருபத்திரண்டு."

"நேத்து இருபதுன்னீங்க. எடைமேடையிலயும் இப்படித்தான் கூட்டிப் போட்டீங்களா?"

இருவரும் சிரித்தோம். சொல்லியிருக்கலாம். தனியாகத்தான் இருந்தோம். நர்ஸ் வந்தார், விட்டுவிட்டேன். அதற்கு மூன்றாம் நாள், தம் ஐம்பத்தேழாம் வயதில், தம்பி போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முருகேசன் வந்திருந்தார். சாப்பாடு முடிந்து உறவினர்கள் உட்கார்ந்திருந்தபோது, நாங்கள் கேள்விப்படாத ஒன்றைச் சொன்னார். காஷ்மீரில் அந்த அரையிறுதியில், ஓடுகிற கல்லில் தம்பியின் துடைப்பம் லேசாகப் பட்டுவிட்டதாம். அந்த ஆட்டத்தில் விசில் ஊதி யாரும் பிடிக்க மாட்டார்கள். பட்டால் பட்டவரே சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

"யாருமே பாக்கலீங்க. பக்கத்துல தேய்ச்ச எனக்கே தெரியல. சாரு கையத் தூக்கிட்டாரு. 'என் தொடப்பம் பட்டுருச்சு'ன்னாரு. கல்ல எடுத்துட்டாங்க. ஒரு புள்ளியில தோத்தோம். 'ஏன் சார் சொன்னீங்க'ன்னு நான் சண்டைக்கே போயிட்டேன். 'எனக்குத் தெரியுதே முருகேசா'ன்னாரு."

முருகேசன் என் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, உங்களப் பத்தியும் எப்பவும் சொல்லுவாரு. அன்னைக்கு ரயில விட்டு எறங்கி மொத பேப்பர அவருதான் வாங்கியிருக்காரு. டீ குடிச்சுட்டு இன்னும் அஞ்சு வாங்கலாம்னு போனா, 'உங்க அண்ணன் நாப்பத்து மூணையும் அள்ளிட்டுப் போயிட்டாரு'ன்னு கடைக்காரர் சொன்னாராம். அப்புறம் உங்க வூட்டுக்கு வந்தா, 'பேப்பரே கெடைக்கல'ன்னீங்களாமே! 'எங்கண்ணனுக்குப் பாசத்த வெளியில காட்டத் தெரியாது முருகேசா. வாங்கறதையும் வாங்கிட்டு இல்லங்குறாரு பாரு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பெரிய அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை உயர்த்தவில்லை. தலையைக் குனிந்து, அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். அன்று அங்கே இருந்தவர்கள் முப்பத்தாறு பேர். உங்கள் அனைவரிடமும் அது பொய் என்று இப்போது சொல்கிறேன். தம்பி அதை நம்பித்தான் சொன்னாரா, என்னை நான்கு பேர் தாழ்வாக நினைக்கக் கூடாது என்று சொன்னாரா என்பது எனக்குத் தெரியவில்லை. அன்று என் முகத்தைப் பார்த்தபடி அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இரண்டாவதுதான் என்று படுகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

இந்த மலரின் அட்டையில் நீங்கள் பார்க்கும் படம், தம்பி வாங்கிய அந்த ஒரு பேப்பரிலிருந்து எடுத்தது. அவருடைய சான்றிதழ்க் கோப்பில் மடித்து வைத்திருந்ததைத் தம்பியின் துணைவியார் கொடுத்தார். துடைப்பம் இருக்கும் பகுதியை வெட்டிவிடலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். ஓர் அங்குலமும் வெட்டக் கூடாது, பக்கத்தில் இருப்பவரும் முழுதாக வர வேண்டும் என்று கூறிவிட்டேன்.

தம்பி நோயுற்ற நாட்களில் வண்டி கொடுத்து உதவியவர்களுக்கும், இரத்தம் கொடுத்த பழைய மாணவர்கள் ஒன்பது பேருக்கும், இறுதி ஊர்வலத்தில் முதல் ஆளாகத் தோள் கொடுத்த முருகேசனுக்கும், மருத்துவமனையில் இரவெல்லாம் கண் விழித்த தம்பியின் துணைவியாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. முருகேசனிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி என்னிடம் கேட்டது ஒரே ஒரு பேப்பர். அதை அவருக்குக் கொடுக்காமல் இருப்பதற்கு எனக்கு ஆன செலவு, பேப்பர் ஒன்று ஏழு ரூபாய் வீதம் நாற்பத்து மூன்றுக்கு, முந்நூற்றொரு ரூபாய்.