சேர் குடித்த சீனிப்பாணி

வாகரையில் உசனார் முதலாளியின் நண்டுவாடியில் நானும் கம்சாயினியும் ஏழு வருடமாக ஒரே பலகைக்கு எதிரெதிரே குந்தியிருந்து நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டுகிறோம். எல்லாம் உயிரோடு வருகிற நண்டு. கயிறு சுற்ற ஒரு நொடி பிந்தினால் விரலைப் பிடித்துவிடும். என் கையில் பதினொரு தழும்பு இருக்கிறது, அவள் கையில் மூன்றுதான் இருந்தது. அவ்வளவு சுறுக்கு அவள். என் பெயர் பீற்றிஸ். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த நீளமான வாய் வேண்டிய நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கம்சாயினி எங்கே ஓடப் பழகினாள் என்று வெளியாட்கள் கேட்பார்கள். வாகரையாட்களிடம் கேட்கிற கேள்வியா அது? கடல் வந்தபோது ஓடினோம், ஷெல் வந்தபோது ஓடினோம். அவளுக்கு நாலு வயதில் ஒன்று, ஆறு வயதில் மற்றது. நாங்களெல்லாம் ஓடி முடித்து ஊருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டோம். அவள் மட்டும் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் வலய மட்டத்தில் நாலு கோப்பை எடுத்தாள். ஏ.எல். சோதனை எழுதி முடித்த கையோடு தகப்பன் அவளை வாடிக்குக் கூட்டிவந்து, "ஓடிக் கிழிச்சது போதும், இனி நண்டு கட்டு" என்று விட்டுவிட்டுப் போனான். பிள்ளை அன்றைக்கே கட்டக் குந்திவிட்டாள். ஆனால் விடிய வெள்ளென எழும்பிப் பனிச்சங்கேணிப் பாலம் வரை ஓடிப்போய்த் திரும்பி, குளித்து, தலை ஈரம் காயாமல் ஆறு மணிக்கு வாடிக்கு வந்து நிற்பாள். ஏழு வருடம். ஒருநாள் தவறவில்லை.

போன மாசியில்தான் அந்த அறிவித்தல் வந்தது. கொழும்புப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்று தன்னுடைய ஓட்டக் குழுவுக்கு ஆள் எடுக்கிறதாம். மாவட்டத் தெரிவில் ஐயாயிரம் மீற்றர் ஓடி முதலாவதாக வருகிற ஒரே ஒரு பெண்ணுக்கு அலுவலகத்தில் நிரந்தர வேலை, தங்க இடம், பயிற்சி, சப்பாத்து எல்லாம். ஒரு நிபந்தனை மட்டும். இருபத்தைந்து வயது தாண்டக் கூடாது. அவளுக்கு ஆனியில் இருபத்தாறு பிறக்கிறது.

"அக்கா, இது போனா நான் சாகுமட்டும் நண்டுதான்" என்றாள். அழாமல் சொன்னாள்.

அவளுக்கு ஒரு வில்லங்கம் இருந்தது. ஓட முன் எதைத் தின்றாலும் பாதி வழியில் வாந்தி. பாண் தின்று பார்த்தாள், வாழைப்பழம் தின்று பார்த்தாள், எல்லாம் பாலத்தடியில் மீனுக்குத்தான் போனது. கடைசியில் சீனிப்பாணி சரிவந்தது. சீனியைக் கொஞ்சத் தண்ணீரில் காய்ச்சி, தேசிக்காய் பிழிந்து, ஒரு கிள்ளு உப்புப் போட்டு, இருமல் மருந்துப் போத்தலில் ஊற்றி வைத்துக்கொள்வாள். எத்தனை மிடறு, எப்போது என்று ஒரு மாதமாகத் தன் உடம்பிலேயே பரீட்சை வைத்தாள். குடித்துக் கால் மணித்தியாலத்துக்குள் ஓட்டம் தொடங்கினால் கால் பறக்கும். ஒரு மணித்தியாலம் பிந்தினால் முன்பிருந்த தெம்பும் போய்க் கால் கல்லாகிவிடும். போத்தலில் நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூட்டெக்ஸால் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"முதல் கோடு மட்டும் ஓடுறதுக்கு அக்கா. மற்றது சிலவேளைக்கு."

"என்னகா அது சிலவேளை?"

"ஓட்டம் பிந்தினா."

பிந்தாமல் இருந்தால் அது நம்முடைய நாடா என்று பகிடி பண்ணினேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

தெரிவு நாளன்று துணைக்கு நான்தான் போனேன். தனிய விடத் தகப்பன் சம்மதிக்கவில்லை, தானும் வரவில்லை. இருட்டோடு பஸ் ஏறி ஏழு மணிக்கு முன் மைதானத்தில் நின்றோம். ஏழரைக்கு முதல் நிகழ்ச்சியே பெண்களின் ஐயாயிரம். அதற்குமுன் ஓடுகிற பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று பிரதம அதிதியை வரவேற்க வேண்டுமாம். அவர் வந்து விளக்கேற்றி, பேசி, துவக்கு வெடி வைத்தால்தான் ஓட்டம்.

ஒலிபெருக்கியில், "அதிதி அவர்கள் இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள்" என்றார்கள். கம்சாயினி போத்தலைத் திறந்து முதல் கோடு வரை குடித்தாள். அதைக் கண்டு ஒரு மனிதர் பாய்ந்து வந்தார். விழாக்குழுச் செயலாளர் யோகராசா. வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, முகத்தில் நாட்டையே தாங்குகிற களை.

"என்ன மருந்து குடிக்கிறாய்? ஊக்கமருந்தா?"

"இல்ல சேர், சீனிப்பாணி."

வாங்கி மணந்து பார்த்தார். நுனி நாக்கில் தொட்டும் பார்த்தார். "சரி, சரி, வரிசையில நில்லு" என்று போத்தலை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

பத்து நிமிடம் என்றது எட்டு மணியானது. எட்டு, எட்டரையானது. ஒலிபெருக்கியில் அதே பத்து நிமிடம். பிள்ளைகளை உட்காரவும் விடவில்லை, வரிசை குலைந்துவிடுமாம். பங்குனி வெயில் முகத்தில் அடித்தது. நான் கயிற்றுக்கு இப்பால் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு அவள் உதடு வெளுத்திருந்தது. போத்தலைக் காட்டி, "குடிக்கிறயா?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாம் அக்கா. அவர் பேசி முடிக்கேக்க குடிச்சாத்தான் கணக்கு. கவனமா வச்சிருங்க."

கவனமாக வைத்திருக்கச் சொன்னாள். மாதாவே!

ஒன்பது இருபத்தைந்துக்கு வாகனம் வந்தது. பாண்ட் அடித்தார்கள், மாலை போட்டார்கள், விளக்கில் ஐந்து திரிக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டார்கள். நல்ல உடம்புள்ள மனிதர் அந்த அதிதி, வயது அறுபது இருக்கும். ஒலிவாங்கியைப் பிடித்தவர் விளையாட்டின் மகிமையை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். கால் மணித்தியாலம் போயிருக்கும். பேச்சு இழுபட்டது. சொன்னதையே திரும்பச் சொன்னார். வியர்வை ஊற்றியது. பிறகு கை நடுங்க, மேசையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்தார்.

மேடை கலவரப்பட்டது. அவருக்குச் சீனி வருத்தமாம். விடிய இன்சுலின் ஊசி போட்டவர், இரண்டு விழாவுக்குப் போய், சாப்பிடாமல் வந்திருக்கிறார். சீனி இறங்கிவிட்டது. மேடையில் இனிப்பாக ஒரு சொட்டு இல்லை. சேருக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்து விழாக்குழு பார்த்துப் பார்த்துச் சீனி படாத பிஸ்கட்டும் வெறும் தண்ணீரும் வைத்திருந்தது.

யோகராசா தலைதெறிக்க என்னிடம் ஓடி வந்தார். "அக்கா! அந்தப் பாணி எங்க? கெதியாத் தாங்க, சேருக்கு ஏலாது!"

எனக்குத் தெரியாதா? இரண்டாம் கோடு எதற்கென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மயங்கிய மனிதருக்கு இரண்டு மிடறு கொடுப்பது பிழையில்லை, நான் கல்நெஞ்சுக்காரியில்லை. இரண்டு மிடறை மூடியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். யோகராசா கையை நீட்டிக்கொண்டுதான் நின்றார், நான் ஓடியிருக்கவே தேவையில்லை. ஆனால் ‘சேருக்கு’ என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் என்னவோ எழும்பி நின்றது. சேர் என்றால் எழும்புவது, சேர் கேட்டால் கொடுப்பது, அதுவும் முந்திக்கொண்டு கொடுப்பது. அப்படித்தானே வளர்ந்தோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஓடினேன். சிவப்புக் கம்பளத்தில் செருப்போடு ஏறினேன். மூடியைத் திறந்து அவர் வாயில் வைத்தேன். "குடிங்க சேர், குடிங்க" என்று சொல்லிச் சொல்லி அடிவரை ஊற்றினேன். நாலு பேர் கைபேசியில் படம் எடுத்தார்கள். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

அவருடைய சாரதி ஒரு பெட்டி குளுக்கோசோடு படியேறி வந்தான். வாகனத்தில் எப்போதும் இருக்குமாம். அரை நிமிடம். நான் அரை நிமிடம் பிந்தியிருந்தால்! "இனித் தேவையில்ல" என்று யோகராசா கை காட்ட, அவன் திரும்பிப் போனான்.

வெறும் போத்தலோடு இறங்கி வந்தபோதுதான் வரிசையில் நின்ற கம்சாயினியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. போத்தலைப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா அக்கா குடிச்சார்?"

ஓடிப்போய் யோகராசாவின் கையைப் பிடிக்காத குறையாக, "அந்தக் குளுக்கோசில ஒரு கரண்டி தாங்க தம்பி, புள்ள ஓடோணும்" என்று கெஞ்சினேன்.

"அது சேரிட சாமான். மறுகா அவருக்குத் தேவைப்பட்டா?"

வாசலுக்கு ஓடினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடை. சோடாப் போத்தல்கள் வரிசையாக நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதிதி போகும்வரை வாசல் பூட்டாம். காவல்காரன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வருகிறேன், சேர் தெளிந்து மறுபடி பேசிக்கொண்டிருக்கிறார். என் பிள்ளையின் சீனியில் இன்னும் பதினைந்து நிமிடம் பேசினார். பேசி முடித்த கையோடு துவக்கை வாங்கி வெடி வைத்தார்.

பன்னிரண்டரைச் சுற்று. முதல் எட்டுச் சுற்றும் அவள்தான் முன்னுக்கு. தொழிற்சாலையிலிருந்து வந்த மிஸ் ஒருவர், கையில் அட்டையோடு எழும்பி நின்று பார்த்தார். நான் கூவின கூவலில் தொண்டை கிழிந்தது. பத்தாம் சுற்றில் அவள் கால் தரையில் படுகிற சத்தம் மாறியது. பதினோராவதில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அப்போதும் முப்பது முழம் முன்னால் நின்றாள், யேசுவே, அப்போதும் முன்னால்தான். கடைசிச் சுற்றில், முடிவுக் கோடு தெரிகிற இடத்தில், முழங்கால் மடிந்து விழுந்தாள். எழும்பினாள். நாலு அடி வைத்து மறுபடி விழுந்தாள். கையை ஊன்றித் தவழ்ந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடிப் போனார்கள். அவர்களை ஏன் குறை சொல்ல, அவர்களுக்கும் அது ஒன்றுதான் வழி.

அவளைக் கூடாரத்துக்குத் தூக்கிப் போனார்கள். நான் அந்த மிஸ்ஸைத் தேடி ஓடி நடந்ததெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "பாவம்தான். நல்லா ஓடுறா. அடுத்த வருசம் வரச் சொல்லுங்க" என்றார். வயதைச் சொன்னேன். "அப்ப ஒண்டும் செய்யேலாது அம்மா" என்று அட்டையில் வேறு பெயரை எழுதினார்.

கூடாரத்துக்குத் திரும்பினால் அங்கே அதிதி. சுற்றிவரக் கமெரா. பாயில் கிடந்த கம்சாயினியின் தலையில் கையை வைத்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்:

"காலைல ஒண்டும் சாப்பிடல்லையா மகள்?"

அவள் அவரைப் பார்த்தாள். "இல்ல சேர்."

"அதுதான் பிழை. விளையாட வாற பிள்ளைகள் வடிவாச் சாப்பிட்டுட்டு வரோணும். உடம்பில சீனி இல்லாட்டி எப்பிடி ஓடுறது? இண்டைக்கு எனக்கே பாருங்க என்ன நடந்த எண்டு. இதெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கல்ல."

கூடாரத்தில் கை தட்டினார்கள். யோகராசா எல்லாருக்கும் மேலால் தட்டினார். என் வெறும் போத்தல் என் கையில்தான் இருந்தது. அதைத் தூக்கி அந்த மனிதரின் முகத்துக்கு நேரே பிடித்து, ‘உன் உடம்பில் ஓடுகிறது இவளுடைய சீனி’ என்று நான் கத்தியிருக்க வேண்டும். ஊரையே திட்டித் தீர்க்கிற வாய் எனக்கு. அவர் என் பக்கம் திரும்பி, "நீங்கதானே தாயார்? இனிக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க" என்றார்.

"ஓம் சேர்" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. ஓம் சேர்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு அவள் வாடிக்கு வந்தாள். தலை காய்ந்திருந்தது. பாலத்துக்குப் போகவில்லை. நாங்கள் நண்டு கட்டினோம். எட்டு மணியளவில் உசனார் முதலாளி கைபேசியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"பீற்றிஸ், உன்ட படம் பேஸ்புக்கில ஓடுது! மூவாயிரம் பேர் பாத்திரிக்காங்க. ‘அதிதியின் உயிர் காத்த வாகரைத் தாய்’ எண்டு போட்டிரிக்கி!"

வாடியில் இருந்த பெண்களெல்லாம் எழும்பி வந்து பார்த்தார்கள். சிவப்புக் கம்பளத்தில் நான், கையில் போத்தல், அண்ணாந்த வாயோடு சேர். போத்தலில் இரண்டு சிவப்புக் கோடும் துலக்கமாகத் தெரிந்தன. சிறிது பின்னால், மங்கலாக, வெயிலில் நின்ற ஓட்டக்காரப் பிள்ளைகளின் வரிசை. அதில் ஒரு முகம் மட்டும் போத்தலைப் பார்த்தபடி இருந்தது.

கைபேசி கைமாறிக் கம்சாயினியிடம் போனது. கைக்குள் நண்டை அழுத்திப் பிடித்தபடியே நெடுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று மாதாவைக் கேட்டேன்.

"நல்லா வந்திரிக்கு அக்கா உங்கட படம்" என்றாள்.

கைபேசியை முதலாளியிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றை எடுத்தாள். அன்றைக்கு அந்த நண்டு அவள் பெருவிரலைப் பிடித்தது. இரத்தம் பலகையில் சொட்டியது, அவள் கையை இழுக்கவில்லை. நான்தான் கொடுக்கை உடைத்து விரலை எடுத்துவிட்டேன். அவள் கையில் இப்போது நாலு தழும்பு.