பூட்டிக் கிடந்த பாத்ரூம்

அன்று வீட்டில் நின்றவர்கள்: நான். என் மனைவி. கப்பல்துறையிலிருந்து வந்த அவளுடைய தம்பி. தோப்பூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பைப் வேலைக்காரர். பிறகு நாற்றம். அதையும் ஓர் ஆளாகத்தான் எடுக்க வேண்டும். எங்களுக்கு முன்னரே வந்து நின்றது.

வீடு ஓர்ஸ் ஹில் இறக்கத்தில். கடற்காற்று நேரே உள்ளே வரும். அந்தக் காற்றாலும் அதை வெளியே தள்ள முடியவில்லை.

மறுநாள் கனடாவிலிருந்து மகள் குடும்பம் வர இருந்தது. போன முறை அவர்கள் ஹோட்டலில் தங்கினார்கள். மருமகனுக்கு எங்கள் வெளிக் கக்கூஸ் ஒத்துவரவில்லை. மகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் பொழுதுபட எழும்பிப் போனாள். மனைவி அதற்குப் பிறகு பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால்தான் முன்னறையோடு சேர்த்து ஒரு பாத்ரூம் கட்டினோம். கட்டி முடிந்த அன்றே மனைவி அதைப் பூட்டினாள். மகள் வந்துதான் முதலில் பாவிக்க வேண்டும். தண்ணீர்க் குழாயையும் அடைத்தாள். கிணற்றுத் தண்ணீர் பட்டால் மஞ்சள் பிடிக்குமாம். கொமட்டைச் சுற்றிய பொலித்தீனைக்கூடக் கழற்றவில்லை. நாங்கள் வெளிக் கக்கூசுக்கே போய்வந்தோம். ஒரு வருடம் போனது. நாற்றம் வந்தது.

எலி செத்துக் கிடக்கிறது என்றார் மைத்துனர். கூரை ஓட்டைக் கழற்றி ஏறிப் பார்த்தார். எலி இல்லை. மனைவி சாம்பிராணி போட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு மணம்.

வேலைக்காரர் குசினித் தண்ணீர் போகும் கானைத் தோண்டினார். கான் சுத்தம். கக்கூஸ் குழியின் மூடியைத் தூக்கினார்.

“அண்ணன், வீட்டை விடக் குழிக்குள்ள நாத்தம் குறைவா இருக்கு.”

குனிந்து பார்த்தேன். உண்மை.

“அத்தான், அப்ப இண்டைக்கு இதுக்குள்ளயே பாயை விரிப்பம்,” என்றார் மைத்துனர்.

“பூட்டின பாத்ரூமையும் ஒருக்காப் பாப்பம்,” என்றார் வேலைக்காரர்.

“அதுக்குள்ள ஒருத்தரும் போகேல்லை,” என்றாள் மனைவி. “போகாத இடம் எப்பிடி நாறும்?”

வேலைக்காரர் யோசித்தார். “அதுவும் சரிதான்,” என்று மண்வெட்டியை எடுத்தார். வெளிக் கக்கூசின் பைப்பைத் தேடித் தோண்டினார். பைப் கிடைத்தது. இரண்டு துண்டாகக் கிடைத்தது.

இனி அந்தக் கக்கூசும் இல்லை. மைத்துனர் மத்தியானம் நண்டுக் கறி சாப்பிட்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்றார்.

“அக்கா, அந்தப் பாத்ரூம் திறப்பைத் தா.”

“ஏலாது. கடற்கரைக்குப் போ.”

“அங்க நேவிக்காரர் நிக்கினம்.”

“அப்ப அடக்கு.”

“இது அடக்கிற கதை இல்லை, அக்கா.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“குடு,” என்றேன்.

கதவைத் திறந்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. மூன்று பேர் பின்னுக்கு வந்தோம். மனைவி மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ப் பொலித்தீனைக் கழற்றி, மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

“இதுக்கு மேல நான் என்னத்தைக் கூட்டப் போறன்,” என்று சொல்லிக்கொண்டு மைத்துனர் உள்ளே போனார்.

தோண்டக் கைகொடுத்ததில் உடம்பெல்லாம் சேறு. அப்படியே புதுச் சவுக்காரம் போட்டுக் குளித்துவிட்டும் வந்தார். நாங்கள் முன்னறையில் நின்றோம். வேலைக்காரர் மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

“அண்ணன், போயிட்டுது.”

பிறகு விளக்கம் சொன்னார். கொமட்டுக்குக் கீழேயும் நிலத்துக் கானுக்குக் கீழேயும் பைப் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் குழிக் காற்றை மறிக்கும் கதவு. ஒரு வருடமாக ஒரு சொட்டும் விழாமல் எல்லாம் காய்ந்துவிட்டது.

“அப்ப இவன் போனதாலதான் நாத்தம் போனது எண்டுறியளோ?” என்றாள் மனைவி.

“ஓம் அக்கா.”

மைத்துனர் தலையைச் சீவிக்கொண்டு நின்றார். “ஒரு தேத்தண்ணியாவது ஊத்து, அக்கா,” என்றார்.

மறுநாள் மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். மனைவி மருமகனுடைய மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தார்.

“மாமி, சவுக்காரம் கரைஞ்சு கிடக்கு. ஆரும் பாவிச்சதோ?”

“என்ர தம்பிதான். பாவிக்காட்டிப் பழுதாப் போயிடுமாம்.”

“ஓ,” என்றார் அவர். வெளியே போய்ப் பெட்டிகளை இறக்கினார். காத்து நின்ற வான் வண்டியை அனுப்பிவிட்டார்.

மைத்துனர் புறப்பட்டார். மனைவி விடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் நின்று போ என்றாள்.

அன்றிரவு எங்கள் வீட்டில் படுத்தவர்கள் ஏழு பேர்.