குட்டி ரயிலின் இரண்டாவது சுற்று

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை வீட்டில் என்னிடம் விட்டுவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் ஓரிடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அப்பா என்றதும் உறவினர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வைகை அணைப் பூங்காவின் குட்டி ரயில்தான். "மாப்பிள்ளை வீட்டையே மாத்திப் பாத்துட்டு வந்த மனுசன்" என்று எத்தனை பந்தியில் சிரித்திருக்கிறீர்கள்! அன்று அப்பா உண்மையிலேயே ஏமாந்தாரா, இல்லை தெரிந்தே செய்தாரா? என் கல்யாணம் அவர் தேடிக் கொடுத்ததா, தடுமாறி வந்ததா? அவர் பெற்ற மகளுக்கே இது தெரியவில்லை என்றால் அவரைப் பற்றி என்னத்தை எழுதுவது?

அப்பா தேவாரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் இளைய மகனாகப் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, பெரியப்பாதான் அப்பாவைப் படிக்க வைத்தார்கள். அந்த நன்றிக்காக அப்பா கடைசிவரை அண்ணன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. பத்தாம் வகுப்பு முடித்துத் தேனிக்கு வந்து, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் வேலையைக் கற்றார். பிறகு பழனிசெட்டிபட்டியில் சொந்தமாகக் கடை வைத்தார். கோடை வந்தால் தோட்டக்காரர்கள் பம்புசெட் மோட்டாரோடு வாசலில் நிற்பார்கள். யாருடைய பயிர் வாடுகிறதோ அவருடைய மோட்டாருக்குத்தான் முதல் இடம். இதற்காக வசதியானவர்களிடம் நன்றாக வசவு வாங்கியிருக்கிறார். அத்தனை செம்புக் கம்பி முனைகளில் ஒன்றைக்கூட மாற்றி முறுக்கியதில்லை. அப்படிப்பட்டவர் ஆளை மாற்றிவிட்டார் என்றால் எப்படி நம்புவது?

எனக்கு அந்த வரனைக் கொண்டுவந்தது பெரியப்பா. வெளிநாட்டு மாப்பிள்ளை. நான் தேனியில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அண்ணன் சொல்லுக்கு அப்பா மறுபேச்சு பேசுவாரா? வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, அது கூடிவராமல் போனால் தெருவெல்லாம் பேச்சாகும் என்று பூங்காவில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் ஏற்பாடு. "நீங்கதான் அவுகளா?" என்று கேட்கக் கூடாது, அதுதான் மரியாதை. "குட்டி ரயிலு கடைசிப் பெட்டியில ஏறிக்கங்கண்ணே. பையன் நீலச் சட்டை போட்டிருப்பாக" என்றார் தரகர்.

கிளம்பும் முன் நான் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா அடுப்படிக்கு வந்தார்.

"ஏத்தா, ஒனக்குச் சம்மதந்தான?"

நான் வாழையிலையை மடித்துக்கொண்டே இருந்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பூங்காவில் கடைசிப் பெட்டியில் ஒரு நீலச் சட்டை, அவருடைய அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருந்தது. அப்பா நேராகப் போய் எதிரில் உட்கார்ந்தார். நான் பெண் பார்க்கப்படுகிறவள் அல்லவா, தலை குனிந்தவள் நிமிரவில்லை. அம்மா புகைக்குப் பயந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரயில் நகர்ந்ததும் அப்பா மழை, தண்ணீர் என்று ஆரம்பித்துக் குலதெய்வம் வரை வந்துவிட்டார். ஒரு சுற்று முடிந்து ரயில் நிலையத்துக்கு வந்தது. எல்லாரும் இறங்க எழுந்தபோது அப்பா ஓட்டுநரைப் பார்த்து, "தம்பி, நாங்க எறங்கல. இந்தப் பெட்டிக்கு மொத்தமா இன்னொரு சுத்துக்கு நான் குடுத்துர்றேன்" என்றார்.

இரண்டாவது சுற்றில் நீலச் சட்டையிடம் கேட்டார். "தம்பிக்கு என்ன சோலி?"

"உத்தமபாளையத்துல சொட்டுநீர்க் குழாய்க் கடை வச்சிருக்கேங்க."

அம்மா அப்பாவின் விலாவில் இடித்தாள். "வெளிநாடுன்னாக?"

"சும்மா இரு" என்றார் அப்பா. பிறகு அவரிடம், "வேலைக்குப் போற பொண்ணா இருந்தா ஒங்களுக்குச் சரிப்படுமா தம்பி?"

"அவுக வேலை, அவுக இஷ்டம். இதுல நான் சொல்ல என்ன இருக்கு?"

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா எனக்காக நிபந்தனையைத் தளர்த்தப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இறங்கிப் புல்தரையில் அவர்களோடு புளியோதரையைப் பகிர்ந்து சாப்பிட்டோம். அவர்களும் பெண் தேடிக்கொண்டிருந்தவர்கள்தான். அப்பா அங்கேயே சம்பந்தம் பேசி, போன் நம்பரும் வாங்கிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில்தான் தரகர் போனில் கத்தினார், அப்பா கேட்டு எங்களுக்குச் சொன்னார். நிஜ மாப்பிள்ளை வீட்டார் தாமதமாக வந்து, காத்திருந்து, கோபித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கண்ணாடியக் கடையில வச்சுட்டு வந்துட்டேன்யா, ஆளு மாறிப்போச்சு" என்றார் அப்பா.

பெரியப்பா "கூறுகெட்டவன்" என்று திட்டித் தீர்த்தார்கள். ஆனால் ஏமாந்தவனை எத்தனை நாள் திட்டுவது? என் கல்யாணத்தில் அவர்களே முன்னால் நின்று தாலி எடுத்துக் கொடுத்தார்கள். அதன்பின் எந்த விசேஷத்துக்குப் போனாலும் "பாத்துண்ணே, அது ஒங்க எலைதானா?" என்று கேலிதான். அப்பா எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். நான்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவேன்.

அம்மா இன்றும் ஏமாந்ததுதான் என்கிறாள். "அவுக கண்ணாடியில்லாம சோத்துல கெடக்குற கல்லக்கூடப் பாக்க மாட்டாக." என் கணவரோ, "மாமா என்னைப் பார்த்துத்தான் ஏறினார்" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் அப்பாவையே கேட்டேன். "கண்ணாடிய எடு" என்றார். மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

போன வாரம் இந்தக் கட்டுரை நகராமல் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, என் மாமியார் பூண்டு உரித்தபடியே சொன்னார்கள்.

"ஒங்கப்பா ஏன் ரெண்டாஞ்சுத்து கேட்டாகன்னு எனக்கு இன்னமும் வெளங்கலத்தா. மொதச் சுத்து முடிஞ்சு வண்டி நிக்கிறப்ப, அங்கன கொடையோட ஒருத்தர், பக்கத்துல ஒரு நீலச் சட்டைப் பையன். எறங்குற சனத்துச் சத்தத்துக்குள்ள அந்தாளு 'அண்ணே, அண்ணே'ங்கிறாரு. ஒங்கப்பா அவுகள ஏறிட்டுப் பாத்தாக. ஒன்னயப் பாத்தாக. டக்குன்னு வண்டிக்காரர்ட்டச் சொல்லிட்டு, செருப்பத் தேடுறாப்புல குனிஞ்சுக்கிட்டாக. வண்டி கெளம்புனப்பறந்தான் நிமிந்தாக."

"இத்தனை வருசமா ஏன் அத்தை சொல்லல?"

"கடங்காரன் எவனோன்னு நெனச்சேன். சம்பந்தி மானத்த நானே வாங்குறதா?"

குடையில்லாமல் வாசல்படி இறங்காதவர் எங்கள் தரகர். நான் பூண்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்படியானால் ஏறும்போதே அப்பாவுக்குத் தெரியுமா? அந்த முதல் சுற்றைப் பற்றிய குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. இனித் தீரவும் வழியில்லை.

அப்பாவின் நோய்க்காலத்தில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், கடைசிவரை தோள் கொடுத்த உறவினர்கள், கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்த பழனிசெட்டிபட்டி வியாபாரிகள், தோட்ட வேலையைப் போட்டுவிட்டு வந்த விவசாயிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மறுபேச்சில்லாமல் இன்னொரு சுற்று ஓட்டிய, பெயர் தெரியாத அந்த ரயில்காரருக்கும் என் கும்பிடு. அன்று வெயிலில் காத்திருந்துவிட்டுப் போன அந்தக் குடும்பம் எங்கிருந்தாலும் எங்களை மன்னிக்க வேண்டும்.

பெரியப்பா, நீங்களும் இதைப் படிப்பீர்கள். கோபப்படாதீர்கள். உங்கள் தம்பி ஆயுசுக்கும் உங்கள் பேச்சைத் தட்டியது அந்த ஒரு சுற்று மட்டும்தான்.