மேட்டு வயலின் மேல் மூலை

கொப்னட்டுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அந்தச் சின்ன ஊரில் ஐரிஷ் மொழியில் பாடம் சொல்லித் தரும் ஆரம்பப் பள்ளிக்காக அவளைப் போல மாரடித்தவர் எவரும் இல்லை. பெருக்குவது, கதவு திறப்பது, மூக்கு சிந்திவிடுவது எல்லாம் அவள்தான். பள்ளிக்குச் சொந்த இடம் கிடையாது. கால்பந்துக் கிளப்பின் மைதான ஓரத்தில் ஒழுகும் கொட்டகைகள்; மழை நாளில் பிள்ளைகள் கோட்டைப் போட்டுக்கொண்டே கணக்குப் போடுவார்கள். அங்கே மழையில்லாத நாள் எது?

நிரந்தர இடத்துக்கு வருஷக்கணக்காக அலைந்தவளும் அவளே. கல்வித் துறையில் மேலே ஒருவர் சரி என்பார், கீழே ஒருவர் கையை விரிப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்கிற கதைதான். கடைசியில் கிளப் காலி செய்யச் சொல்லிவிட்டது. கோடைக்குள் நிலம் காட்டாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான் என்று மேலிடமும் கறாராகச் சொன்னது.

விற்கக்கூடிய நிலம் ஒன்றே ஒன்று இருந்தது. டோனகாவின் மேட்டு வயல். அவன் அவளோடு படித்தவன், கல்யாணம் ஆகாத கஞ்சன். அவனிடம் நிலம் கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

"விலை இல்ல விஷயம். மேல் மூலை, மண்ணுக்கடியில இருக்கிற மாய ஜனங்களோட இடம். எங்கப்பா அங்க ஏரே ஓட்டமாட்டாரு" என்றான்.

"கிழவனாயிட்ட, இன்னும் பூச்சாண்டிக்குப் பயமா? ஊர்ல சொன்னா வாயால சிரிக்கமாட்டாங்க. உன் ஜனங்களுக்கும் ஐரிஷ்தானே வரும்? பசங்க வந்தா பேச்சுத் துணையாச்சு."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொடுத்துவிட்டான். பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிப்போய் ஓடவிட்டாள். அன்றைக்கு அவளைப் பிடிக்க முடியவில்லை.

வீட்டில் கணவர் ஃபீனீன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

"அந்த வயல் வேண்டாம், கொப்னட்."

"ஏன், உனக்கும் பேய் பிடிச்சுக்கிச்சா?"

"நம்ம குழந்தை அங்கதான் இருக்கு."

கல்யாணமான முதல் வருஷம் அவளுக்கு ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. பிறகு வயிறு திறக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாத சிசுவுக்குக் கோயில் கல்லறையில் இடம் இல்லை என்பது அந்தக் காலத்துச் சட்டம். பொழுது சாய்ந்ததும் தகப்பன் தனியாகத் தூக்கிப்போய், ஜெபம் இல்லாமல், பெயர் இல்லாமல், எங்காவது ஒரு மூலையில் புதைத்துவிட்டு வர வேண்டும். பெற்றவளுக்குப் பிள்ளையைக் காட்டக்கூடாது, இடத்தையும் சொல்லக்கூடாது. எந்தக் கடவுள் கேட்டாரோ இதை, நாசமாய்ப் போக! அந்த மூலைகளில் ஏர் படாமல் இருக்கத்தான் பெரியவர்கள் மண்ணடி ஜனங்கள் என்று கதை கட்டிவிட்டார்கள். ஊர் கதையை மட்டும் வைத்துக்கொண்டது. அந்தக் கதையைத்தான் கொப்னட் கேலி பேசியே துரத்தியிருந்தாள்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"பங்குச் சாமியார் கூடாதுன்னாரு. சொன்னா நீ தினம் அங்க போய் நிப்ப."

"நின்னிருப்பேன்தான்."

"டோனகா குடுக்கமாட்டான்னு நெனச்சேன்" என்றார் அவர்.

ஒரு வாரம் கொப்னட் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வயலில் மண்வெட்டி படாது. எங்கெங்கே புதைத்திருக்கிறது என்று சோதனை, விசாரணை என்று வருஷங்கள் போகும். அதற்குள் பள்ளி செத்துவிடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காலையில் கொட்டகையைத் திறப்பாள், பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வார்கள்.

மண் தோண்டும் இயந்திரம் வருவதற்கு முன்பு நடந்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். தலைமையாசிரியை ஃபிடெல்மா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். டோனகா தொப்பியைக் கழற்றினான். பின்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்தான்.

"செத்த பிள்ளைக்காக உயிரோட இருக்கிறதுங்களத் தெருவுல விடுறீங்களே, இது நியாயமா?"

"நியாயம் இல்லதான். ஆனா அது மேல செவுரு எழுப்ப என்னால முடியாதுப்பா."

கோடையில் பள்ளியை மூடினார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். கடையில் அவளைப் பார்த்த ஒரு சின்னப் பெண், கொப்னட் மூக்கு சிந்திவிட்டு வளர்த்த பிள்ளை, ஆங்கிலத்தில் நலம் விசாரித்தாள். கொப்னட் ரொட்டி வாங்காமலே வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் ஃபீனீனை அந்த மூலைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். புல்லுக்குள் உள்ளங்கை அகலத்தில் கற்கள், ஒன்று இரண்டு அல்ல. ஃபீனீன் குனிந்து குனிந்து தேடினார். எந்தக் கல் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"போகட்டும், விடு" என்றாள். பிறகு, வாழ்நாள் முழுக்கக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள். "பையனா, பொண்ணா?"

அவர் ஈர மண்ணில் மண்டியிட்டபடியே இருந்தார்.

"துணியில சுத்திக் குடுத்தாங்க. பிரிச்சுப் பாக்க எனக்குத் தைரியம் வரல, கொப்னட்."

இத்தனை வருஷமும், அவருக்காவது தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.